மழை இல்லை என்று சொன்னவன்

எங்கள் ஊர் உழவர் வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட ஒரு செய்தி பொய்த்துப் போனபோது, அதைச் சத்தமில்லாமல் அழித்தேன். பிறகு, முன்கூட்டியே எச்சரித்தவன் போலக் காட்டும் வேறொரு செய்தியைப் போட்டேன். முதல் செய்தியை நம்பிய ஒரு குத்தகை விவசாயி தார்ப்பாயைத் தேடாமல் இருந்துவிட்டார். அவருடைய நெல் நனைந்தது. விவரம் தெரியாதவன் செய்த பிழை என்று இதைத் தள்ளிவிட முடியாது. நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். ரேடார் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததில் பாதியை மட்டும் ஊருக்குச் சொன்னேன். எனக்குப் பெயர் வாங்கித் தந்த பாதி அது.

ஊர் திருவையாற்றுக்குப் பக்கம். நேர்கோட்டில் அளந்தால் கிழக்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டரில் காரைக்கால். அங்கே இந்திய வானிலை ஆய்வுத் துறையின் டாப்ளர் ரேடார் இருக்கிறது. அது எடுக்கும் படங்களைத் துறையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை புதுப் படம் வரும். அந்தப் பத்து நிமிடத்துக்கு நான் அடிமையானேன். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில், கல்யாணப் பந்தியில், ராத்திரி படுக்கையில் என்று கை தானாகப் போனை எடுக்கும், படத்தைப் புதுப்பிக்கும்.

ரேடாரின் அடிப்படை எளிமையானது. மைக்ரோ அலையை மிகக் குறுகிய துடிப்பாக அனுப்பிவிட்டு, என்ன திரும்பி வருகிறது என்று காத்திருக்கும். வழியில் மழைத்துளிகள் இருந்தால் அலையில் மிகச் சிறு பங்கு சிதறித் திரும்பும். அலை நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போவதால், 150 கிலோமீட்டர் தொலைவில் பெய்யும் மழையிடமிருந்து ஒரு மில்லி நொடியில் பதில் வந்துவிடும். எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துத் தூரமும், ஆன்டெனா திரும்பியிருந்த பக்கத்தை வைத்துத் திசையும், பதிலின் வலுவை வைத்து மழையின் வலுவும் தெரியும். காரைக்காலில் இருப்பது எஸ்-பேண்ட் வகை, அலைநீளம் சுமார் 10 செ.மீ. இந்த அலை கொட்டுகிற மழையையும் அதிகம் தேயாமல் ஊடுருவும், அதனால்தான் புயல் பார்க்க இதை வைக்கிறார்கள். 3 செ.மீ. அலையில் இயங்கும் எக்ஸ்-பேண்ட் ரேடாருக்கு முன்னால் ஒரு கனமழை நின்றால், அதற்குப் பின்னால் இருக்கும் மழை மங்கிவிடும்.

டாப்ளர் விளைவு பிளஸ் ஒன் பாடத்திலேயே இருக்கிறது. நெருங்கி வரும் ரயிலின் ஊதல் கூர்மையாகவும், கடந்து போனதும் கனமாகவும் கேட்கும். அதேபோலத்தான், மழைத்துளியைக் காற்று ரேடாரை நோக்கித் தள்ளினால் திரும்பும் அலையின் அதிர்வெண் இம்மி கூடும், விலக்கிக்கொண்டு போனால் இம்மி குறையும். அந்த இம்மியை அளந்து மேகத்துக்குள் அடிக்கும் காற்றின் வேகத்தைச் சொல்லிவிடலாம். அதிலும் ஒரு வரம்பு உண்டு. ரேடாரை நோக்கி வரும் வேகமும் விலகும் வேகமும்தான் தெரியும், குறுக்கே போகும் காற்று எவ்வளவு பலமாக அடித்தாலும் பூஜ்யம் என்றே பதிவாகும். வானிலைத் துறை தன் முதல் டாப்ளர் ரேடாரை 2002-ல் சென்னைத் துறைமுகத்தில் அமைத்தது. அதற்கு முந்திய புயல் ரேடார்கள் மழை இருக்கும் இடத்தைக் காட்டின. உள்ளே அடிக்கும் காற்றை அளக்க அவற்றால் முடியாது.

எனக்குப் பெயர் வந்தது கஜா புயலில். 2018 நவம்பர் 15 ராத்திரி காரைக்கால் படத்தில் புயலின் கண் துலக்கமாகத் தெரிந்தது. சுற்றிலும் மழைச் சுவர், நடுவே வெறுமை. படத்துக்குப் படம் அது கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. வேதாரண்யத்தில் அத்தை வீடு. ஓட்டு வீட்டை விட்டு எதிரே இருக்கும் மாடி வீட்டுக்குப் போகச் சொன்னேன். நடுவில் காற்று நின்றாலும் வெளியே வரக் கூடாது, கண் கடந்ததும் எதிர்ப் பக்கத்திலிருந்து திரும்ப அடிக்கும் என்றேன். 16-ஆம் தேதி அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தது. அத்தை குடும்பம் விடியும்வரை மாடி வீட்டில்தான் இருந்தது. ஓடும் போயிற்று, தென்னையும் போயிற்று, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதே எச்சரிக்கையை வானிலைத் துறையும் அரசும் பலமுறை சொல்லியிருந்தன. ஆனால் சொந்தக்காரர்கள் வாயில், "வாத்தியார் சொன்னாரு, பொழச்சோம்" என்று ஆகிவிட்டது. நான் மறுக்கவில்லை.

அதிலிருந்து குழுவில் நான் ரேடார் வாத்தியார். சாயங்காலம் ஆனால் ஏழெட்டுப் பேர் கேட்பார்கள்: உரம் போடலாமா, மருந்து அடிக்கலாமா, மிஷின் இறக்கலாமா. கேள்வி "மழை வருமா, வராதா" என்றுதான் வரும். பதிலும் ஒரே சொல்லில் போனால்தான் அவர்களுக்குத் திருப்தி. எனக்கும் அதில்தான் திருப்தி. "படத்தை நம்புவதற்கு ஒரு அளவு இருக்கிறது" என்று தொடங்கினால் யாரும் கைகூப்பும் பொம்மை அனுப்ப மாட்டார்கள். ஆகவே அந்த அளவை நான் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அதில் முதலாவது, கதிரின் உயரம். ரேடார் கதிர் ஏறக்குறைய நேராகப் போகிறது, பூமி வளைந்து கீழே இறங்குகிறது. மிகத் தாழ்ந்த 0.5 டிகிரி கோணத்தில் கதிரை அனுப்பினாலும், எங்கள் ஊருக்கு மேலே வரும்போது அதன் மையம் தரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். திருச்சியில் இரண்டு கிலோமீட்டர், கரூரில் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். கதிர் போகப்போக விரியவும் செய்யும். ஒரு டிகிரி அகலக் கதிர் 80 கிலோமீட்டர் தள்ளி 1.4 கிலோமீட்டர் அகலம் ஆகிவிடும். ஆக, கரூர் மழை என்று நான் குழுவில் போட்டதெல்லாம் கரூருக்கு நாலு கிலோமீட்டர் மேலே இருந்த மழை. அது தரைக்கு வந்து சேர்ந்ததா, வழியிலேயே ஆவியானதா என்பது ரேடாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இரண்டாவது, நிறம். படத்தில் மஞ்சளும் சிவப்பும் குறிப்பது டிபிஇசட் என்ற அளவை. ஒரு துளியிலிருந்து திரும்பும் அலையின் வலு அதன் விட்டத்தின் ஆறாம் படியைப் பொறுத்தது. விட்டம் இரண்டு மடங்கானால் பதில் 64 மடங்கு. சில பெரிய துளிகளே படத்தைச் சிவப்பாக்கிவிடும், ஆயிரம் சிறு துளிகள் சேர்ந்து பெருமழை பெய்தாலும் படம் அடக்கமாக இருக்கும். 1948-ல் மார்ஷலும் பால்மரும் கொடுத்த சூத்திரத்தின்படி 40 டிபிஇசட் என்றால் மணிக்குச் சுமார் 12 மி.மீ. மழை. வெப்பமண்டல மழைக்கென்று உள்ள வேறொரு சூத்திரத்தில் அதே 40-க்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். நான் எந்தச் சூத்திரத்தையும் சொன்னதில்லை. "செவப்பு வந்துருச்சு, ஊத்தப் போவுது" என்று எழுதினால் போதுமானதாக இருந்தது.

மூன்றாவது, நான் வழக்கமாகப் பகிரும் மேக்ஸ் இசட் படம். ஆன்டெனா ஒவ்வொரு சுற்றுக்கும் கோணத்தை ஏற்றி ஏற்றி வானத்தை அடுக்கடுக்காக அளக்கும். எந்த அடுக்கில் பதில் மிக வலுவாக இருக்கிறதோ, அந்த மதிப்பை மட்டும் எடுத்து வரைவது இந்தப் படம். உயரம் தெரிய வேண்டுமானால் படத்தின் மேல் ஓரத்திலும் பக்க ஓரத்திலும் இருக்கும் பட்டைகளைப் பார்க்க வேண்டும். வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் பார்த்தால் மேகம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை அவை காட்டும். அந்த இரண்டு பட்டைகளையும் நறுக்கிவிட்டுத்தான் படத்தைக் குழுவில் போடுவேன். போனில் பெரிதாகத் தெரியட்டும் என்று காரணம் சொல்லிக்கொள்வேன்.

இதற்கெல்லாம் மேலே நின்றது என் வாய்க்கொழுப்பு. வானிலை மையத்தின் அறிக்கையில் "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு" என்று வந்தால், "அந்த ஓரிரு எடம் எதுன்னு சொல்லச் சொல்லுங்க பாப்போம்" என்று எழுதிச் சிரிப்பு வாங்குவேன். அந்தத் தொடருக்குத் திட்டமான அளவு உண்டு, அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மிகாமல் மழை பதிவாகும் என்று பொருள். அதுவும் எனக்குத் தெரியும். இடிமேகம் எந்தத் தெருவில் கிளம்பும் என்று சொல்ல முடியாததால்தான் அவர்கள் அப்படி எழுதுகிறார்கள். அவர்கள் ரேடார் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு, அவர்கள் சொல்லத் தயங்கியதை நான் துணிந்து சொன்னேன். தப்பினால் என்னைக் கேட்க ஆள் இல்லை.

சில வருஷத்துக்கு முன் ஒரு புரட்டாசி. குறுவை அறுவடை மும்முரம். எங்கள் பக்கம் அறுத்த நெல்லைத் தார்ச்சாலையின் ஓரத்தில் பரப்பிக் காயவிடுவார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது கொள்முதல் நிலையத்தின் விதி. அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தக் குத்தகை விவசாயி போன் செய்தார். என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

"வாத்தியார் தம்பி, நெல்லு ரோட்டுல கெடக்கு. மேக்கால லேசா கருத்தாப்ல தெரியுது. பக்கத்து ஊர்ல தார்ப்பா கேட்டிருக்கேன், போய் எடுத்தாந்துரவா?"

படத்தைப் பார்த்தேன். துறையூர், பெரம்பலூர் பக்கம் ஒரு சிவப்புத் திட்டு. அரை மணி நேரப் படங்களை ஓட்டிப் பார்த்தால் கிழக்காக நகர்ந்துகொண்டிருந்தது.

"வேணாண்ணே. அது கொள்ளிடத்துக்கு வடக்கயே அரியலூர் பக்கமா போயிரும். நல்லா காயட்டும்."

கையோடு குழுவிலும் போட்டேன்: "இன்று நம் பக்கம் மழை இல்லை. தைரியமாக நெல் காயவிடலாம்." அன்றைய மூன்று மணி நேர முன்னறிவிப்பில் தஞ்சாவூர் மாவட்டத்தின் பெயர் இருந்தது. பார்த்தேன், எல்லா மாவட்டத்தையும் எழுதி வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சிவப்புத் திட்டு நான் சொன்னபடியே அரியலூர்ப் பக்கம் போய்க் கரைந்தது. நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று அடித்தது. அடுத்து எங்கள் தலைக்கு மேலேயே இடித்துக்கொண்டு மழை இறங்கியது. முக்கால் மணி நேரம். சாலையோர நெல்லில் ஒரு பகுதி தண்ணீரோடு வாய்க்காலுக்கே போய்விட்டது.

அன்று ராத்திரி உட்கார்ந்து எனக்கு நானே ஒரு வக்காலத்து தயார் செய்தேன். அதில் இருந்த அறிவியல் எல்லாம் உண்மை. இடிமேகம் சாகும்போது அதிலிருந்து குளிர்காற்று தரையோடு தரையாக நாலாபக்கமும் பரவும். அது கிழக்கே வந்து, கடலிலிருந்து உள்ளே ஏறிக்கொண்டிருந்த காற்றோடு மோதியிருக்க வேண்டும். மோதிய இடத்தில் சூடான ஈரக்காற்று மேலே தள்ளப்பட்டுப் புது மேகம் பிறக்கும். ரேடாருக்குப் பக்கத்தில் என்றால் அந்தக் காற்றின் முனை மெல்லிய கோடாகப் படத்தில் தெரியும். 80 கிலோமீட்டர் தள்ளி வந்துவிட்டால் கதிர் பெரும்பாலும் அதற்கு மேலாகவே போய்விடும். தொடர்ந்து படமெடுத்து ஒரு மேகத்தின் போக்கைக் கணிப்பது, ஏற்கெனவே பிறந்துவிட்ட மேகத்துக்குத்தான் செல்லும். 1946-ல் ஃப்ளோரிடாவிலும் 1947-ல் ஒஹாயோவிலும் பையர்ஸ், பிரஹாம் குழுவினர் விமானமும் ரேடாரும் கொண்டு இடிமேகங்களை ஆராய்ந்தார்கள். ஒரு தனி இடிமேகம் வளர்ந்து, கொட்டி, ஓய்ந்து போவதற்கு ஒரு மணி நேரம் போதும் என்று அந்த ஆய்விலிருந்து தெரிந்தது. அப்படி இருக்க, இரண்டு மணிப் படத்தைப் பார்த்து நான்கு மணி மழையை யாரால் சொல்ல முடியும்?

இந்த வக்காலத்தை யாராவது கேட்டால் ஒப்புவிக்கலாம் என்று காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒரு விஷயத்தை அதில் மறைத்திருப்பேன். இந்த வாக்குமூலத்துக்குக் காரணமே அதுதான்.

நான்கு மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது வந்த மேக்ஸ் இசட் படத்தில், திருவையாற்றுக்கு மேலே ஒரு சின்ன மஞ்சள் புள்ளி இருந்தது. முந்தின படத்தில் அது இல்லை. நறுக்காத படம் என்பதால் ஓரத்துப் பட்டையையும் பார்த்தேன். புள்ளி ஐந்தாறு கிலோமீட்டர் உயரத்தில் நின்றது, கீழ் அடுக்குகளில் ஒன்றுமே இல்லை. புதிதாக வளரும் இடிமேகத்தின் முதல் அடையாளம் அப்படித்தான் வரும். துளிகள் முதலில் உயரத்தில் திரண்டு, பிறகுதான் இறங்கும். அது இறங்க எடுக்கும் கால் மணி நேரம்தான் ரேடார் நமக்குக் கொடுக்கும் அவகாசம். யாருக்கு எது தெரியாவிட்டாலும் எனக்கு அது தெரியும்.

அண்ணனுக்கு ஒரு போன் செய்திருந்தால் பாதி நெல்லையாவது கூட்டி அள்ளியிருப்பார். பக்கத்தில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கை கொடுத்திருப்பார்கள். போனைக் கையில்தான் வைத்திருந்தேன். ஆனால் போன் செய்தால், இரண்டு மணிக்குச் சொன்னது தப்பு என்று நானே என் வாயால் சொல்ல வேண்டும். மேலேதான் இருக்கிறது, கீழே வராமலும் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த படத்துக்குக் காத்திருந்தேன். அடுத்த படத்தில் புள்ளி சிவந்து, தரைவரை இறங்கியிருந்தது. அதற்கும் அடுத்த படம் வரும்போது எங்கள் வீட்டு முற்றத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆக, ரேடாரின் குறைகளை மறைத்தவன் என்பது என் மேல் உள்ள குற்றத்தில் சின்னது. ரேடார் சரியாகச் சொன்னதை மறைத்தேன், பெரியது அது.

மழை வலுத்ததும் நான் செய்த முதல் காரியம், இரண்டு மணிச் செய்தியை எல்லோருக்கும் சேர்த்து அழித்தது. இரண்டாவது, சிவந்த படத்தைப் போட்டு, "50 டிபிஇசட்! திருவையாறு, கண்டியூர் பக்கம் கவனம்!" என்று எழுதியது. அதற்கு நாலு கைகூப்பும் பொம்மைகள் வந்தன. செய்தி நீக்கப்பட்டது என்ற தடம் குழுவில் அப்படியே நின்றது. அழித்தது என்ன என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு மணிக்குப் படித்தவர்கள் அந்நேரம் நெல்லை அள்ளிக்கொண்டிருந்திருப்பார்கள்.

மறுநாள் சாலையோரத்தில் அண்ணனைப் பார்த்தேன். ஈர நெல்லைக் காலால் கிளறி விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவரேதான் பேச்சைத் தொடங்கினார்.

"மழய யாரு தம்பி கையப் புடிச்சு நிறுத்த முடியும்? எல்லாம் நம்ம நேரம்."

"ஆமாண்ணே" என்றேன்.

அந்த ஒற்றைச் சொல்தான், அழித்த செய்தியைவிட என்னை அதிகம் குத்துகிறது. அவர் தன் நஷ்டத்துக்கு மழையையும் நேரத்தையும் பொறுப்பாக்கினார், நான் அதற்கு ஒத்து ஊதினேன். இரண்டொரு நாளில் அந்த நெல்லில் முளை கண்டது. வியாபாரி ஒருவருக்குக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். எவ்வளவு நஷ்டம் என்று விசாரிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. விசாரித்தால் ஈடு கட்ட வேண்டியிருக்கும் என்ற கணக்கும் உள்ளே ஓடியது.

இப்போதும் படம் பார்க்கிறேன், விட முடியவில்லை. குழுவில் போடும்போது ஓரப் பட்டைகளை நறுக்குவதில்லை. படம் எடுத்த நேரத்தை எழுதுகிறேன். "இது பத்து நிமிடத்துக்கு முந்திய நிலவரம், அரை மணிக்கு மேல் என் பேச்சை நம்ப வேண்டாம், தார்ப்பாய் பக்கத்திலேயே இருக்கட்டும்" என்று சேர்க்கிறேன். மாவட்ட முன்னறிவிப்பை அப்படியே பகிர்கிறேன், கிண்டல் இல்லாமல். விளைவு, என்னிடம் கேட்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பக்கத்து ஊரில் ஒரு இளைஞர் "வரும், வராது" என்று அடித்துச் சொல்கிறாராம், எல்லோரும் அவர் பக்கம் போய்விட்டார்கள். அதில் எனக்குப் பொறாமை இருக்கிறது என்பதையும் இங்கே பதிந்துவிடுகிறேன்.

அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் வீடு அடுத்த தெருவில்தான், பத்திரிகை படிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. அவரிடம் நேரில் சொல்வதைவிட உங்களிடம் எழுதுவது எனக்குச் சுலபம். அது தெரிந்தேதான் எழுதியிருக்கிறேன்.